நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு ஒரு தடம்

ஒரு நெடுஞ்சாலையில் பஸ்களுக்கென்று தனித்தடம் ஒதுக்க எண்ணும் அரசு, முதற்கண் அச்சாலை அதற்குத் தகுதியுடையதா என்று அளந்து பார்க்கிறது. அளவையாளர் சாலையோரத்தில் நின்று எண்ணத் தொடங்குகின்றனர். அவர்கள் எதனை எண்ணுகின்றனர் என்பதிலேயே முடிவு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. வண்டிகளை எண்ணினால் மோட்டார் கார்களும் இருசக்கர வண்டிகளும் முன்னிற்கும். வண்டிகளில் அமர்ந்தும் நின்றும் செல்லும் மனிதரை எண்ணினால் கணக்கு வேறாகும். கார் ஒன்றில் ஒருவரோ இருவரோ செல்ல, பஸ் ஒன்றில் ஐம்பது அறுபது பேர் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். சாலையில் அடைக்கும் இடத்தை நோக்கினால், ஒரு பஸ் ஏறத்தாழ மூன்று கார்களுக்கு நிகர் என்றே பொறியாளர் கணக்கிடுவர்.

இவ்வெண்ணம் புதிதன்று. 1937ஆம் ஆண்டிலேயே சிக்காகோ நகருக்கு, விரைவுச் சாலைகளில் பஸ்களை ஓட்டும் திட்டம் ஒன்று தீட்டப்பெற்றது. 1969இல் வர்ஜீனியாவிலிருந்து வாஷிங்டன் செல்லும் ஷெர்லி நெடுஞ்சாலையில் பஸ்களுக்கென்றே தடம் ஒதுக்கினர். 1974இல் பிரேசில் நாட்டுக் குரிட்டிபா நகரம் தன் வளர்ச்சியையே பஸ் தடங்களையொட்டி வகுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் தொடங்கிய சேவையோ, பின்னாளில் ஒரு திசையில் மணிக்கு 40,000 பேருக்கு மேல் ஏற்றிச் சென்று, ரயிலுக்கு நிகரென உலகோர் வியக்கும் நிலையை எய்தியது. இதன் சூட்சுமம் பஸ்ஸின் வேகத்தில் இல்லை. நிலையத்தில் ஒரு பஸ் நிற்கும்போது மற்றொன்று அதனைக் கடந்து செல்ல இடம் விட்டிருந்தனர். பயணிகள் நிலையத்துக்குள் நுழையும்போதே கட்டணம் செலுத்தினர். மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரத்தில் அமைந்திருந்தன. இவை மூன்றும் நிறுத்தத்தில் வீணாகும் நேரத்தைக் குறைத்தன.

ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலைக்கும் நம் நாட்டு நெடுஞ்சாலைக்கும் உள்ள வேற்றுமையை நாம் மறத்தலாகாது. அங்கே விரைவுச் சாலையில் வேலியிட்டிருப்பர். கால்நடையாக எவரும் குறுக்கே வாரார். இங்கோ சாலையின் ஒரு புறம் பள்ளியும் மறுபுறம் கடைத்தெருவும் இருக்கும். ஆங்கிலத்தில் இத்தகைய வழியைக் 'காரிடார்' என்பர். 'வழித்தடம்' என்று தமிழாக்குவது வழக்கமாயினும், மூலச்சொல் உணர்த்தும் ஒன்று அதில் விடுபடுகிறது. வீட்டின் நடை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்வதற்கு மட்டுமா அமைந்தது? இருமருங்கும் உள்ள அறைகளுக்கு வழியும் அதுவே அன்றோ!

நிற்க. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டம் இதற்குப் பொருளுதவி அளித்தது. 2006இல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையைப் பங்கிடும்போது வண்டிகளைக் கருதாது மனிதரைக் கருதுக என்னும் நெறியை வகுத்தது. புனே நகரம் அவ்வாண்டின் இறுதியிலேயே சோதனை ஓட்டம் நடத்தியது. ஆயினும் நாடே திரும்பிப் பார்த்தது தில்லியைத்தான்.

தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து தில்லி வாயில் வரையிலான வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரையிலான 5.8 கிலோமீட்டர் பகுதி மட்டும் திறக்கப்பெற்றது. சாலையின் நடுவில் பஸ்களுக்கும், அதனை அடுத்துப் பிற மோட்டார் வண்டிகளுக்கும், ஓரத்தில் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் இடம் வகுத்தனர். பஸ்ஸில் செல்லும் மனிதரை எண்ணிப் பார்த்தால் இத்தேர்வு முறையானதே. ஆயினும் சாலையின் திறம் அதன் அகலத்தால் அறியப்படுவதன்று, சந்திப்புகளால் அறியப்படுவது. வெளிவட்டச் சாலை குறுக்கிடும் சிராக் தில்லிச் சந்திப்பில், ஒவ்வொரு திசைக்கும் முறைவைத்து விளக்கு மாறுவதற்குள் கார்கள் நீண்ட வரிசையாகத் தேங்கின. நிறுத்தங்களைச் சந்திப்புக்குச் சற்று முன்பாகவே அமைத்திருந்தமையால் பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக் கிடந்தன. பத்திரிகைகளில் கண்டனம் பெருகிற்று. வழக்கும் தொடுக்கப்பட்டது. மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் நெரிசலை ஆய்ந்து, தடம் இல்லாதிருப்பதே நலம் என்னும் கருத்துப்பட அறிக்கை அளித்தது. எனினும் 2012 அக்டோபரில் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பஸ் பயணிகளுக்கு முதலிடம் தரும் அரசின் கொள்கையில் தலையிட அது இசையவில்லை. நீதிமன்றம் விட்டுவைத்ததை அரசு விட்டுவைக்கவில்லை. 2015இல் அகற்ற முடிவு செய்தனர். 2016இல் தடம் பெயர்க்கப்பட்டது.

தில்லியின் குறை எங்கே இருந்தது? பஸ்ஸுக்கு முதலிடம் தந்ததில் அன்று என்பதே நம் கருத்து. 5.8 கிலோமீட்டரில் மிச்சமாகும் சில நிமிடங்கள், மூல்சந்தைத் தாண்டியதும் பழைய நெரிசலில் கரைந்துவிடும். வழியை முழுமையாக அமைக்காது ஒரு துண்டை மட்டும் அமைத்து, அத்துண்டைக் கொண்டே முழுத் திட்டத்துக்கும் தீர்ப்பு வழங்கியது முறையன்று.

ஆமதாபாத் நகரத்தார் வேறு வழியில் சென்றனர். மக்கள் மிகும் இடங்களை இணைக்க வேண்டும், ஆயின் நெரிசல் மிகும் சாலைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி. 2009 அக்டோபரில் பிரானா முதல் ஆர்.டி.ஓ. சந்திப்பு வரை 12.5 கிலோமீட்டர் நீளத்துக்கு 'ஜன்மார்க்' சேவை தொடங்கிற்று. இதன் பெரும்பகுதி 132 அடி வட்டச் சாலையின் வழியே செல்வது; அகலத்துக்குக் குறைவில்லை. தனி பஸ்கள், நடுவே மேடையுயர்ந்த நிலையங்கள், முன்கூட்டியே கட்டணம் எனப் போகோட்டாவின் முறைகள் பலவற்றை மேற்கொண்டனர். அடுத்த ஆண்டே உலக அளவில் பரிசும் கிட்டியது. அப்பரிசு தகுதியானதே, ஆயினும் புகழ் முழுவதும் அமைப்பைச் சாராது, எளிய சாலையைத் தேர்ந்தமைக்கும் அதில் பங்குண்டு. 1947 முதல் நகரில் ஓடும் மாநகராட்சி பஸ்களோ அத்தடத்துக்கு வெளியே, பொதுநெரிசலிலேயே செல்ல நேர்ந்தது. எளிதான சாலையில் நன்றாக ஓடும் பஸ், கடினமான சாலையில் நிற்கும் பயணிக்கு என்ன செய்யும் என்று கேட்போருக்கு இதில் விடையில்லை.

உண்மையான நெடுஞ்சாலையில் இம்முறையைக் காண வேண்டுமாயின், ஹூப்ளிக்கும் தார்வாருக்கும் இடையே செல்ல வேண்டும். 1962இல் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்ட இவ்விரு நகரங்களில், ஒன்று வணிகத்துக்கும் ரயில்வேக்கும், மற்றொன்று கல்விக்கும் பெயர்பெற்றவை. இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். புனே - பெங்களூர் நெடுஞ்சாலையின் பழைய பகுதி இவற்றை இணைக்கிறது. நெடுந்தூர லாரிகளுக்குப் புறவழிச்சாலை வந்தபின் இப்பழைய சாலை இருநகர மக்களின் சாலையாயிற்று. இங்கே அளவையாளருக்கு வேலை எளிது: பயணம் நேர்கோட்டில் செல்கிறது, கிளை வழிகள் குறைவு.

கடினம் அகலத்தில் இருந்தது. நிலையத்தில் பஸ் பஸ்ஸைக் கடக்க வேண்டுமாயின் இரு திசைக்கும் இரண்டிரண்டு தடங்கள், நடுவில் மேடை, இருபுறமும் பொதுவழி, நடைபாதை ஆகிய அனைத்துக்கும் இடம் வேண்டும். ஆகவே சாலையின் சராசரி அகலத்தை அளப்பதில் பயனில்லை. நிலையம் அமையும் இடத்து அகலமே அளவுகோல். நிலம் கையகப்படுத்தினர், சாலையோர மரங்களை வெட்டினர், கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2018 அக்டோபரில் சோதனை ஓட்டம் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அந்நாளைய குடியரசுத் துணைத்தலைவர் வெங்கையா நாயுடு முறைப்படி திறந்துவைத்தார். 'சிகரி' என்று பெயரிட்டனர். கன்னடத்தில் அது மானைக் குறிக்கும் சொல்.

கடக்கும் தடம் இருந்தமையால், எல்லா நிலையங்களிலும் நிற்கும் பஸ்களோடு இடையில் நில்லாத விரைவு பஸ்களையும் ஓட்ட முடிந்தது. இரு கோடிகளுக்கும் இடையே செல்லும் மாணவருக்கும் அலுவலருக்கும் இது பெருநன்மை. நவநகரிலும் ராயாபூரிலும் நவலூரிலும் நிற்பவருக்கோ விரைவு பஸ் கண்முன்னே பறந்து செல்லும். அவர் அடுத்துவரும் சாதாரண பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். மேலும் நிலையம் சாலையின் நடுவில் இருத்தலால், பொதுவழியில் விரையும் வண்டிகளைக் கடந்தே அவர் அங்குச் சேர முடியும். நடைமேம்பாலம் ஏறி இறங்க முதியோரும் சுமையுடன் வருவோரும் தயங்குவர். பஸ்ஸின் பயண நேரத்தைக் கணக்கிடும் அளவைத்தாளில், வீட்டு வாயிலிலிருந்து நிலைய மேடைவரை இவர் செலவிடும் நேரத்துக்கும் ஒரு கட்டம் இருத்தல் வேண்டும்.