பெயர் வாசிக்கப்படும்போது: ராஜஸ்தான் பொது விசாரணைகளும் அடித்தள அரசியலில் தனிமனித ஈடுபாடும்

ஒருவர் அடித்தள இயக்கத்தில் ஏன் சேர்கிறார் என்ற கேள்விக்குச் சமூக அறிவியலில் இரண்டு விடைகள் செல்வாக்குப் பெற்றுள்ளன. பெரிய குழுவொன்றின் பொதுப்பயனுக்காக உழைக்கத் தனிமனிதருக்குத் தகுந்த காரணம் கிடையாது என்று மன்சர் ஓல்சன் 1965இல் வாதிட்டார். பயன் எப்படியும் எல்லோருக்கும் வந்து சேரும். பிறகு எதற்காக வெயிலில் உட்கார வேண்டும்? டக் மெக்ஆடம் வேறு வழியில் போனார். கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய 1964 கோடையில் மிசிசிப்பிக்குச் செல்ல முன்வந்த தொண்டர்களின் விண்ணப்பங்களை அவர் ஆராய்ந்தார். சென்றவர்களுக்கும் கடைசியில் விலகிக்கொண்டவர்களுக்கும் கொள்கைப் பற்றில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. களத்தில் இருப்பவர்களோடு கொண்ட உறவும் முன்னனுபவமுமே அவர்களைப் பிரித்தன என்று கண்டார்.

இரு விடைகளுமே மனிதர் இயக்கத்துக்குள் வருவதற்கு முந்தைய நிலையை ஆராய்பவை. வந்தவரை இயக்கம் என்ன செய்யச் சொல்கிறது என்பதற்கு அவற்றில் இடம் குறைவு. ஈடுபாட்டைத் தோற்றுவிப்பது பெரும்பாலும் அந்தச் செயலின் வடிவம்தான் என்பது என் கருத்து. இதைச் சோதித்துப் பார்க்க ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், உழவர் அமைப்பைவிடத் தெளிவான இந்திய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையை அதன் நிறுவனர்களுள் ஒருவரான அருணா ராயின் பதவி விலகலிலிருந்து தொடங்குவது பத்திரிகை வழக்கமாகிவிட்டது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியை எழுபதுகளில் உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போனவர் என்ற சித்திரம் தமிழ் வாசகருக்கும் பழக்கமானதே. தியாகத்தை முன்னிறுத்தும் அந்தச் சொல்முறை, கூலிக்காரர்களைப் பின்னணிக் கூட்டமாக்கிவிடுகிறது. உண்மையில் தொடக்கம் கூலியில் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் அஜ்மீர் மாவட்டத்து ஹர்மாடா கிராமத்தில் பஞ்ச நிவாரணச் சாலை வேலைக்குப் போன பெண்கள், நௌர்த்தி பாய் என்ற தலித் தொழிலாளியின் முன்னெடுப்பில் குறைந்தபட்சக் கூலி கேட்டுத் திரண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பஞ்ச நிவாரண வேலையானாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துத் தரக் கூடாது என்று 1983இல் தீர்ப்பு வந்தது. அதே நௌர்த்தி பாய் 2010இல் ஹர்மாடாவின் ஊராட்சித் தலைவரானார்.

அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங், அவர் மனைவி அன்சி ஆகியோர் 1987இல் தேவ்டூங்கரி கிராமத்தில் ஒரு மண்வீட்டில் குடியேறினார்கள். 1990 மே 1 அன்று பீம் என்ற சிறுநகரில் சங்கட்டன் தோன்றியது. நிறுவன நிதி வாங்குவதில்லை, முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலியளவே பெறுவார்கள் என்று முடிவு செய்தார்கள். இதை எளிமை என்று புகழ்வோர் அதன் அரசியலைத் தவறவிடுகிறார்கள். கூலியும் கணக்கும் கேட்கும் அமைப்பு, தன் கூலியையும் கணக்கையும் முதலில் ஊர் முன் வைத்தது. வெளியிலிருந்து வந்தவர் உள்ளூர்க்காரரின் நம்பிக்கையைப் பெற்றது அவர் எதைத் துறந்தார் என்பதால் அன்று; எந்த விதியைப் பிறர்மேல் விதிக்கச் சொன்னாரோ அதற்குத் தானும் உட்பட்டார் என்பதால்.

தீர்ப்பு வந்தும் கூலி வரவில்லை. அளவுப்படி வேலை நடக்கவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள் அதிகாரிகள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால் அது அரசு ரகசியம். ரகசியக் காப்புச் சட்டம் 1923இல் ஆங்கிலேயர் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அதன் நிழல், குழி வெட்டிய பெண்ணின் கூலிப் பட்டியல்வரை நீண்டது. கூலிக் கோரிக்கை ஆவணக் கோரிக்கையாக மாறியது இந்த இடத்தில்தான்.

முதல் பொது விசாரணை, இந்தியில் ஜன் சுன்வாய், 1994 டிசம்பர் 2 அன்று பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் நடந்தது. முறை மிக எளியது. திறந்தவெளியில் கூடி, மஸ்டர் ரோல் எனப்படும் வருகை, கூலிப் பதிவேட்டில் உள்ள பெயர்களையும் நாள்களையும் தொகைகளையும் ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. பட்டியலில் இறந்தவர்களும் இருந்தார்கள். கட்டி முடிந்ததாகப் பதிவான கட்டடம் கூரையில்லாமல் எதிரே நின்றது.

இங்கே ஓல்சனின் கணக்கு தடுமாறுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவரின் பெயர் வாசிக்கப்பட்டதும், அவர் பார்வையாளராகத் தொடர முடியாது. 'நான் அங்கே வேலை செய்யவில்லை' என்று எழுந்து சொல்ல வேண்டும். அல்லது அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க வாய்மூடி இருக்க வேண்டும். இரண்டுமே நிலைப்பாடு எடுப்பதுதான். அங்கு கேட்கப்பட்டது பொதுநன்மைக்கான உழைப்பன்று. அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாத ஓர் உண்மை. அந்த வேலையை அவருக்காக இன்னொருவர் செய்துவிட முடியாதபோது, பிறர் உழைப்பில் இலவசமாகப் பயன்பெறும் வாய்ப்பே எழுவதில்லை. எழுத்தறியாதவரும் தன் பெயரின் மீது அதிகாரம் உள்ள சாட்சி. முக்காட்டுக்குள் இருந்து பெண்கள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியதன் பொருள் இதுவே என்று கருதுகிறேன்.

சாட்சி சொன்னவர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஆவண நகல் தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தும் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத்தின் அரசு அதற்கான ஆணையை வெளியிடாததால், 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கி 40 நாள் நீடித்தது. அறுவடைக் காலத்தில் ஊர்கள் முறைவைத்து ஆளையும் தானியத்தையும் அனுப்பின. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற முழக்கம் அங்கிருந்து பரவியது. இந்த நீட்சியை விளக்க மெக்ஆடமின் உறவுகள் உதவும். ஆயினும் அந்த உறவுகளே விசாரணைப் பந்தலில் உருவானவை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் முன் ஒருவர் உண்மை பேசியதால் விளைந்த பிணைப்பு அது.

இயக்கமின்றிச் சட்டம் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு மறுதலைச் சான்று. தகவல் உரிமைச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு; ஆண்டு 1997. விதிவிலக்குகள் மலிந்த அந்தச் சட்டத்தின் பின்னால் கூலிக்காரர்களின் இயக்கம் இருக்கவில்லை. ஆகவே அதை விரித்துப் பயன்படுத்தவும் ஆளில்லாமல் போனது. ராஜஸ்தான் சட்டம் 2000இல்தான் வந்தது என்றாலும், அதைக் கையில் எடுக்க ஊர்கள் தயாராக இருந்தன.

தேசியச் சட்டம் 2005இல் வந்தபோது கேள்வி நாடெங்கும் பரவியது. கேட்பவரோ தனித்துப் போனார். பத்து ரூபாய்க் கட்டணத்தில் யாரும் எழுதலாம் என்பது பெரும் வெற்றிதான். ஆனால் மனுவில் ஒரே ஒரு பெயரும் முகவரியும் இருக்கின்றன. மிரட்ட வருபவருக்கும் அந்த முகவரி போதும். 2010 ஜனவரியில் புணேக்கு அருகே சதீஷ் ஷெட்டி, அதே ஆண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரில் அமித் ஜேட்வா எனத் தகவல் கேட்டுப் போராடியவர்கள் கொல்லப்பட்டார்கள். துணிந்த தனிமனிதர்களை நாம் வீரர்களாகப் போற்றும்போது, அவர்களைத் தனியே விட்ட நம் பொறுப்பையும் மறைத்துவிடுகிறோம். அடித்தள அரசியலில் ஈடுபாடு தனிப்பட்டதாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அது தனித்ததாக இருப்பது அரசியல் தோல்வி.

பந்தலும் ஒலிபெருக்கியும் சட்டத்திலேயே இடம்பெற்றது இன்னொரு வழியில். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. கோட் கிரானாவின் நேர் வாரிசு அந்தப் பிரிவு. அரசே தணிக்கைக்கு ஆள் அமர்த்தி நடத்தும்போது வாசிப்பு சடங்காகும் அபாயம் உண்டு. அதைத் தடுப்பது கூட்டத்தில் எத்தனை பேர் தம் பெயருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடித்தள இயக்கங்களை ஆராயும் நாம் பெரும்பாலும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த ஊருக்குப் போவோம். நேர்காணல் எடுக்க வேண்டாம். உறுப்பினராக உட்கார்ந்து, வரவு செலவுக் கணக்கைப் பெயர் பெயராக உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.