காடாத் துணியும் கியர் பாக்ஸும்

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரி பாகக் கடைகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பார்க்கப் போனால் என் பையில் மூன்று சாமான் இருக்கும். ஒரு சாண் வெள்ளைக் காடாத் துணி, பேனா டார்ச், ஒரு துண்டுக் கம்பி. மீதி வேலைக்கு மூக்கு போதும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் மயிலாப்பூர் மாங்கொல்லைப் பக்கம் ஷெட் வைத்திருந்த மேஸ்திரி. 1974ல் பதினைந்து வயதுப் பையனாக அவரிடம் சேர்ந்தேன். அப்போது ஊரில் ஓடியதெல்லாம் அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எல்லாமே கையால் கியர் போடும் வண்டிகள். எம்.ஜி.ஆரே அம்பாசடரில்தான் போனார். டிஎம்எக்ஸ் 4777 என்ற அந்த வண்டி தி.நகர் ஆற்காடு தெரு நினைவு இல்லத்தில் இன்றும் நிற்கிறது. ஆட்டோமேட்டிக் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க வண்டி வர வேண்டும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஹைட்ராமேட்டிக் பாக்ஸை 1939ல் கொண்டுவந்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் அது வந்தது. 1950ல் ஷெவர்லே வண்டிகளுக்கு பவர்கிளைடு. இரண்டே ஸ்பீடு, ஆனால் அசைக்க முடியாத பாக்ஸ். இங்கே 1950களின் தொடக்கத்தில் வெளிநாட்டு வண்டிகளுக்கு அரசு கதவைச் சாத்திவிட்டது. அதன்பிறகு தூதரகக்காரர்கள் விட்டுப்போனதும், ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாக விற்பனைக்கு வந்ததும்தான் கணக்கு. அடையாறு பங்களாக்களிலும் தி.நகர் சினிமாக்காரர்கள் வீட்டிலும் இம்பாலா, பிளிமத், டாட்ஜ் என்று ஒவ்வொன்றாக நிற்கும். உதிரி பாகம் மட்டும் கிடைக்கவே கிடைக்காது.

1973ல் பெட்ரோல் விலை ஏறியது. அந்த யானைகளுக்குத் தீனி போட யாரால் முடியும்? செம்பியத்தில் சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். எஞ்சின் மாறினால் அதன் பின்னால் இருக்கும் பாக்ஸும் பொருந்தாது. அதுவும் கீழே இறங்கும், கை கியர் பாக்ஸ் ஏறும். நான் தொழிலுக்கு வந்த முதல் இரண்டு வருஷத்தில் ஆட்டோமேட்டிக் பாக்ஸைக் கழற்றியிருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூட மாட்டியதில்லை. கழற்றியதெல்லாம் ரிக்‌ஷாவில் புதுப்பேட்டைக்குப் போகும். பவர்கிளைடின் கூடு முதலில் வார்ப்பு இரும்பு, 1962ல் அலுமினியமானது. அலுமினியத்துக்கு எடை விலை அதிகம் என்பதால் நல்ல பாக்ஸ்களையே உடைத்து உருக்கினார்கள். பழைய இரும்புக் கடைக்குக் காயலான் கடை என்று பேர் வந்ததே காயல்பட்டினத்து வியாபாரிகளால்தான் என்பார்கள். அந்தக் கடைக்காரர்களுக்கு எடைதான் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

எங்கள் மேஸ்திரி பார்த்தார். டீசலுக்கு மாற மறுத்த ஒன்றிரண்டு வீடுகள் இருந்தன; அந்த வண்டிகளுக்கு மாற்று பாக்ஸ் வேண்டுமென்றால் இந்தக் குப்பையில்தான் தேட வேண்டும். தரையில் கிடக்கும் பாக்ஸை ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் அவர் காடாத் துணியைக் கம்பியில் சுற்றி, ஆயில் கூலர் பைப் வரும் துளைக்குள் விட்டு எடுப்பார். சிவப்பாக வந்தால் தலையாட்டுவார். ஆட்டோமேட்டிக் ஆயிலுக்குச் சிவப்புச் சாயம் போடுவதே, ஒழுகினால் எஞ்சின் ஆயில் இல்லை என்று தெரிவதற்குத்தான். காப்பிக் கலரில் வந்து, வேர்க்கடலை கருகின மாதிரி வாசனை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட் எரிந்த பாக்ஸ். பேரமே பேசாமல் எழுந்துவிடுவார். (அந்த ஆயிலில் 1970களின் தொடக்கம்வரை திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது என்று பிற்பாடு படித்தேன். சுத்த சைவரான மேஸ்திரி தினமும் அதை முகர்ந்து பார்த்தவர்.)

அடுத்தது பான். ஆயில் பானைக் கழற்றினால் அடியில் காந்தம் இருக்கும். அதில் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, அது இயல்பான தேய்மானம். பசை விரலில் நெருடினாலோ பித்தளை மினுமினுப்பு தெரிந்தாலோ உள்ளே புஷ் போய்விட்டது. “பானைக் கழட்டினா எடுத்துக்கணும்” என்பது கடைக்காரர்களின் சட்டம். அதனால்தான் துணி முதலில், பான் பிறகு.

1990களின் நடுவில் மாருதி ஜென்னிலும் எஸ்டீமிலும் மூன்று ஸ்பீடு ஆட்டோமேட்டிக் வந்தது. தேடி வாங்கும் காலம் திரும்பியது. அப்போதுதான் நானே ஒரு பாக்ஸைக் கெடுத்தேன். எஞ்சினின் சுழற்சியைப் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை உள்ளே தள்ளும்போது மூன்று இடத்தில் அது உட்கார வேண்டும். கையால் சுற்றிக்கொண்டே தள்ளினால் கடக், கடக், கடக் என்று மூன்று முறை இறங்கும். அன்றைக்கு வாடிக்கையாளர் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டு கடக்கோடு போல்ட்டை முடுக்கிவிட்டேன். முன் பம்ப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து ஸ்கேல் வைத்து ஆழம் அளக்காமல் போல்ட்டைத் தொடுவதில்லை. 2014ல் செலெரியோவோடு ஏஎம்டி வந்தபிறகு பையன்களுக்கு இந்தக் கடக் தெரிவதில்லை. அது கை கியர் பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் ஒரு ஆக்சுவேட்டர் போடுகிறது, கன்வெர்ட்டரே கிடையாது.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வண்டிகள் முழுகிக் கிடந்தன. இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துக்கட்டிய வண்டிகள் பாகம் பாகமாகப் புதுப்பேட்டைக்கு வந்தன. தண்ணீர் புகுந்த பாக்ஸில் துணியை விட்டு எடுத்தால் ரோஸ் மில்க் வரும். மயிலாப்பூர்க்காரனான எனக்குக் காளத்தி கடை ரோஸ் மில்க் என்றால் உயிர். இந்த ரோஸ் மில்க்கைக் கண்டால் வயிறு கலங்கும். பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் தண்ணீரில் ஊறிப் பிரிந்துவிடும். ஆயிலை மாற்றினால் நாலு நாள் ஓடும், அப்புறம் நடுரோட்டில் நிற்கும். வெள்ளமே தேவையில்லை. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, உள்ளேயிருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானாலும் இதே கதைதான். நம் ஊர் உப்புத் தண்ணீர் பாத்திரத்தையே அரிக்கிறது.

போன மாதம் ஒரு கடையில் ஹூண்டாய் பாக்ஸ் ஒன்று. துணி செக்கச்செவேலென்று வந்தது. பானைக் கழற்றினேன், விபூதிகூட அளவாக இருந்தது. கடைக்காரர் போனை நீட்டி, வண்டியில் இருந்தபோது ஓடிய வீடியோவைக் காட்டினார். எனக்கு அந்தச் சிவப்பே இடித்தது. ஓடிக் களைத்த பாக்ஸில் அத்தனை புது ஆயில் ஏன்? டார்ச்சை எடுத்து மேலே காற்று போகும் பிரீதர் மூடியைப் பார்த்தேன். மூடிக்கு அடியில் நகக்கண் அளவு காய்ந்த வண்டல். வயர் சாக்கெட்டுக்குள் பின்கள் பச்சை பூத்திருந்தன.

“வெள்ளம் வந்து எத்தனை வருஷமாச்சு மேஸ்திரி, இன்னுமா?” என்றார்.

“ஆயிலை மாத்திட்டீங்க பாய், சேத்தை மாத்தலையே.”

அவர் சிரித்துவிட்டு, பையனை அனுப்பி இரண்டு டீ வாங்கி வரச் சொன்னார்.