இரண்டரை வருஷ செமஸ்டர் லீவு

இந்தியாவில் கொரோனா முதலில் யாருக்கு வந்தது? வினாடி வினாவில் கேட்டால் "கேரளாவில் ஒருத்தருக்கு" என்பதோடு பலரும் நிறுத்திவிடுவார்கள். 2020 ஜனவரி 30 அன்று திருச்சூரில் உறுதி செய்யப்பட்ட அந்த முதல் நோயாளி ஒரு மருத்துவ மாணவி. சீனாவின் வூஹான் நகரில் படித்துக்கொண்டிருந்தவர், செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். பிப்ரவரி 2-ல் ஆலப்புழையில் ஒருவர், 3-ல் காசர்கோட்டில் ஒருவர். அவர்களும் வூஹானில் படித்தவர்கள்தான், அவர்களும் லீவுக்கு வந்தவர்கள்தான். மூன்று பேரும் அந்த மாதத்திலேயே குணமாகி வீடு திரும்பிவிட்டார்கள்.

நோயின் கதையில் அவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. அதே லீவுக்கு வந்து, நோய் எதுவும் இல்லாமல், ஆனால் திரும்பிப் போகவும் முடியாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட மற்றவர்களின் கதை அதிகம் எழுதப்படவில்லை. அப்போது சீனப் பல்கலைக்கழகங்களில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 23,000 பேர். பெரும்பாலோர் எம்.பி.பி.எஸ். மாணவர்கள். ஒரு மாத லீவு என்று கிளம்பியவர்களுக்கு அது இரண்டரை வருஷமாக நீண்டது.

இந்தக் கதையை அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி எல்லாமே வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விவசாயம், இல்லையென்றால் வேறு வேலை. டவுனுக்குள் நெசவும் நூற்பாலையும், சுற்றியுள்ள ஊர்களில் பருத்தி, சோளம், மிளகாய், கொஞ்சம் மல்லிகைப்பூ. இப்படிப்பட்ட ஊர்களைக் கொண்ட விருதுநகர் மாவட்டம்தான் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தது. 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அதற்கு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று மரியாதையாகப் பெயர் வைத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். மார்க்கில் முதலிடம், மற்றதில் பின்வரிசை! நிலம் கொடுக்காததைப் படிப்பு கொடுக்கும் என்று நம்பிய ஊர்களின் கணக்கு இது.

படித்த பிள்ளை டாக்டராக வேண்டுமென்றால் எங்கே போவது? 1954-ல் ஆரம்பித்த மதுரை மருத்துவக் கல்லூரி 50 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் அங்கே இடம் கிடைக்க வேண்டுமே. 2017-லிருந்து தமிழ்நாட்டிலும் நீட் மார்க் வைத்துத்தான் சேர்க்கை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு மேல், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் 20 லட்சத்தையும் தாண்டும். சீனாவிலோ மொத்தப் படிப்பும் இருபது முப்பது லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டெர்ன்ஷிப். ஆங்கிலத்தில் எம்.பி.பி.எஸ். நடத்த 45 பல்கலைக்கழகங்களுக்குச் சீன அரசே அனுமதி கொடுத்திருந்தது. நகையை அடகு வைத்தாவது, ஒரு துண்டு நிலத்தை விற்றாவது சமாளித்துவிடலாம் என்று ஒரு நடுத்தரக் குடும்பம் தைரியப்படக்கூடிய தொகை. நீட்டில் தகுதி பெற்றால் போதும், ரேங்க் தேவையில்லை.

அப்படி 2019 செப்டம்பரில் சேர்ந்த முதலாமாண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு செமஸ்டர்தான் சீனாவில் இருந்தார்கள். கொஞ்சம் சீன மொழி, சாப்ஸ்டிக்கில் சாப்பிடும் வித்தை, ஹாஸ்டல் அறையில் குக்கர் வைத்துச் சமையல், குளிரைத் தாங்கக் கனமான ஜாக்கெட். ஜனவரியில் தேர்வு முடிந்தது. 2020-ல் சீனப் புத்தாண்டு ஜனவரி 25-ல் வந்ததால் அதையொட்டிக் குளிர்கால விடுமுறை. நமக்குப் பொங்கல் சமயம். கொல்கத்தா வழியாகவோ கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகவோ சென்னைக்கோ மதுரைக்கோ வந்து, அங்கிருந்து தூத்துக்குடி ரோட்டில் காரியாபட்டி தாண்டி பஸ்ஸில் வந்தால் ஊர். பிப்ரவரி கடைசியில் திரும்பப் போகிறோமே என்று புத்தகங்கள், ஜாக்கெட், சிலர் லேப்டாப்பைக்கூட ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

ஜனவரி 23 காலை 10 மணிக்கு வூஹான் மூடப்பட்டது. உள்ளே சிக்கியவர்களை ஏர் இந்தியா இரண்டு விமானங்களில் கொண்டுவந்தது. பிப்ரவரி 1-ல் டெல்லி வந்த முதல் விமானத்தில் 324 பேர், அதில் 211 பேர் மாணவர்கள். இரண்டு விமானங்களிலுமாக 647 இந்தியர்களும் 7 மாலத்தீவினரும் வந்தார்கள். முன்னமே ஊருக்கு வந்துவிட்டவர்களைத் தமிழக சுகாதாரத் துறை 28 நாட்கள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிக் கண்காணித்தது. சீனாவிலிருந்து வந்த பிள்ளை என்றால் அப்போது தெருவே எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மாதம் முன்பு வரை அதே தெரு 'டாக்டர் தம்பி', 'டாக்டர் பாப்பா' என்று கூப்பிட்டிருக்கும்.

சரி, 28 நாள் முடிந்தது. திரும்பிப் போகலாமா? சீனாவுக்குப் போக வேண்டாம் என்று இந்தியா அறிவுறுத்தியிருந்தது. நேரடி விமானங்கள் நின்றுபோயின. மார்ச் 24 நள்ளிரவு முதல் இந்தியாவே ஊரடங்கில். அதற்குச் சில நாட்களில், மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் விசாவும் குடியிருப்பு அனுமதியும் கையில் இருந்தாலும் வெளிநாட்டவர் நுழையக் கூடாது என்று சீனா கதவைச் சாத்தியது. இந்தக் கதவு திறக்கத்தான் 2022 ஆகஸ்ட் ஆனது. மாணவர்கள் மட்டும் வரலாம் என்று விலக்கு கொடுத்திருக்க முடியாதா என்றால், கொடுத்தார்கள். தென் கொரிய மாணவர்களுக்கு. அதுவும் 2020 ஆகஸ்டிலேயே.

இடையில் பாடம் ஆன்லைனுக்கு மாறியது. சீனா முழுக்க ஒரே நேரம்தான், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே காலை 8 மணி வகுப்பு என்றால் திருச்சுழியில் விடியற்காலை 5:30. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது செல்போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்து அனாடமி கேட்க வேண்டும். ஒரு பிணத்தையும் அறுத்துப் பார்க்காமல் அனாடமி, ஒரு நோயாளியையும் தொடாமல் மெடிசின்.

இதில் இன்னொரு கஷ்டம் வந்து சேர்ந்தது. 2020 ஜூன் 15-ல் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல். வீரமரணம் அடைந்த 20 இந்திய வீரர்களில் ஒருவர் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை அருகே உள்ள கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 29-ல் 59 சீன ஆப்களை இந்திய அரசு தடை செய்தது. எல்லோரும் டிக்டாக் போனதைத்தான் பேசினார்கள். அந்தப் பட்டியலில் வீசாட்டும் இருந்தது. சீனாவில் வீசாட் என்பது வாட்ஸ்அப், பேங்க், நோட்டீஸ் போர்டு மூன்றும் சேர்ந்த ஒன்று. கல்லூரி அறிவிப்பு, வகுப்பு நேரம், ஆசிரியரிடம் சந்தேகம் எல்லாம் அதில்தான். நவம்பர் 24-ல் இன்னும் 43 ஆப்களுக்குத் தடை வந்தபோது, பல பல்கலைக்கழகங்கள் வகுப்பு நடத்தப் பயன்படுத்திய டிங்டாக்கும் போனது. தடையின் நியாயம் வேறு விஷயம். ஆனால் அந்தப் பட்டியல்களைத் தயாரித்தவர்களில் ஒருவராவது இந்த 23,000 பேரை நினைத்தாரா என்பது சந்தேகம்தான். கட்டணம் கட்ட வேண்டிய தேதி மட்டும் தவறாமல் வந்தது.

இதற்கு நடுவில் சொந்த மாவட்டத்தில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 2020 மார்ச் தொடக்கத்தில், ஊரடங்குக்குச் சில வாரங்கள் முன்பு, விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். கட்டடம் எழும்பியது. 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் மோடி காணொலி வழியாகத் திறந்து வைத்தார். விருதுநகர் அதில் ஒன்று, இராமநாதபுரம் இன்னொன்று. 11 கல்லூரிகளிலும் சேர்த்து 1,450 இடங்கள், விருதுநகரில் மட்டும் 150. அருப்புக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அதாவது லீவுக்கு வந்த பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் காலத்துக்குள்ளேயே, பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் போட்டு, கட்டி, திறந்து, முதல் பேட்ச் மாணவர்களையும் சேர்த்துவிட்டார்கள். சீன மாணவர் அதற்குள் மூன்றாம் ஆண்டையோ நான்காம் ஆண்டையோ செல்போனில் முடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து இங்கே மாற்றிக்கொள்ள வழியில்லை. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.

ஏற்பாடு கிடையாது என்பதோடு நிற்கவில்லை. 2002-ன் ஸ்கிரீனிங் டெஸ்ட் விதிகளின்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு முழுவதையும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 8-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு, ஆன்லைனில் மட்டும் படித்த மருத்துவப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. ஆணையத்தின் வாதத்தில் தப்பில்லை. நோயாளியைத் தொடாதவரிடம் யார் ஊசி போட்டுக்கொள்வது? ஆனால் மாணவர் கல்லூரிக்குப் போகாமல் இருந்தது அவர் விருப்பத்தால் அல்ல. வெளியே நின்ற தண்டனையும் அவருக்கே, வெளியே நின்றதற்கான தண்டனையும் அவருக்கே என்றானது.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டில் சென்ற ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 29-ல் இதைப் பற்றித் தீர்ப்பளித்தது. அதுவும் சீனாவில் படித்து, கடைசிக் கட்டப் பயிற்சியை ஆன்லைனில் முடித்த மாணவர் வழக்குதான். நேரடிப் பயிற்சி இல்லாதவரைப் பதிவு செய்யும்படி ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். அதே சமயம், விட்டுப்போன பயிற்சியை இந்தியாவிலேயே பெற இரண்டு மாதத்தில் ஒரு திட்டம் கொண்டுவாருங்கள் என்றும் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஜூலை 28-ல் திட்டம் வந்தது. கடைசி வருஷத்தில் இருந்து, 2022 ஜூன் 30-க்குள் படிப்பு முடித்த சான்றிதழ் வாங்கியவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். தேறினால் ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் இன்டெர்ன்ஷிப். 2019-ல் சேர்ந்தவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. பின்னால் வந்த அறிவிப்புகளில் சிலருக்கு இந்த இன்டெர்ன்ஷிப் மூன்று வருஷமாகவும் ஆனது.

அந்தத் தகுதித் தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 300 கேள்வி, 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பெய்ஜிங் இந்தியத் தூதரகம் வெளியிட்ட கணக்கின்படி, 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்து இந்தத் தேர்வை எழுதியவர்கள் 40,417 பேர். தேறியவர்கள் 6,387. நூற்றுக்கு 16 பேர். வகுப்பறையில் முறையாகப் படித்தவர்களும் சேர்ந்த கணக்கு இது. அடகு வைத்த நகையை மீட்க முடியுமா என்பது கடைசியில் இந்த எண்ணைப் பொறுத்தது.

2022 மார்ச் 25-ல் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி டெல்லி வந்தபோது ஜெய்சங்கர் மாணவர் விஷயத்தைப் பேசினார். ஏப்ரல் கடைசியில் 'சிலரை' அனுமதிப்பதாகச் சீனா சொன்னது. 12,000-க்கும் அதிகமானோர் திரும்பிப் போக விருப்பம் தெரிவித்தார்கள். ஆகஸ்ட் 24 முதல் மாணவர் விசா மறுபடி தரப்பட்டது. விசா கிடைத்ததே தவிர நேரடி விமானம் இல்லை. ஹாங்காங் வழியாக, வேறு நாடுகள் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். டிக்கெட் விலை எங்கோ இருந்தது. போய் இறங்கினால் ஓட்டல் அறையில் தனிமைப்படுத்தல், அதுவும் சொந்தச் செலவில். அந்த விதி 2023 ஜனவரி 8-ல்தான் நீங்கியது.

2019-ல் சேர்ந்து இப்படித் திரும்பிப் போனவர் கணக்கு இதுதான்: கல்லூரியில் ஒரு செமஸ்டர், வீட்டில் ஐந்து செமஸ்டர், மறுபடி கல்லூரியில் நான்கு. போகும்போது பதினெட்டு வயது, லீவு முடிந்து திரும்பும்போது இருபத்தொன்று. விட்டுவிட்டு வந்த ஜாக்கெட்டும் புத்தகமும் ஹாஸ்டலில் இருந்தால் அதிர்ஷ்டம். எல்லோரும் போகவில்லை. சிலர் வேறு நாட்டுக்கு மாறி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், சிலர் படிப்பையே விட்டார்கள்.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நேரடிப் பயணிகள் விமானம் 2025 அக்டோபர் 26 இரவு கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மறுபடி கிளம்பியது. 2019-ல் சேர்ந்தவர்களுக்கு அதற்குள் இன்டெர்ன்ஷிப்பும் சேர்த்து ஆறு வருஷமும் முடிந்திருந்தது.