பழுப்புக் காகிதம் காப்பாற்றிய ஆணிகள்

மரப்படகு ரிப்பேர்னு ஹார்டுவேர் கடைக்குப் போனா, எல்லாரும் பலகையையும் பெயிண்டையும்தான் பார்த்துப் பார்த்து வாங்குவாங்க. ஆணி? ஏதோ ஒண்ணு. பிரிட்டிஷ் கடற்படையும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தது.

மரக்கப்பலின் அடிப்பாகத்தைக் கப்பல் புழு துளைச்சுடும். பாசியும் ஒட்டுச்சிப்பியும் படர்ந்து வேகமும் குறையும். இதுக்கு மருந்தா 1761ல் 'அலார்ம்' என்ற 32 பீரங்கிக் கப்பலுக்கு அடியில் மெல்லிய செம்புத் தகடு அடிச்சு, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினாங்க. 1763ல் சோதிச்சா, செம்பு இருந்த இடத்துல மரத்துக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா பல இடங்களில் இரும்பு ஆணிகள் அரிச்சுப் போய் தகடே கழண்டு விழுந்திருந்தது.

இதுல ஒரு வேடிக்கை. சில ஆணிகள் மட்டும் நல்லா இருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைச் சில இடங்களில் பிரிக்காமலே அடிச்சிருக்காங்க! சோம்பேறித்தனத்துக்குக் கிடைச்ச பரிசு :-) காகிதம் நடுவுல இருந்ததால செம்பும் இரும்பும் தொட்டுக்கலை. கடல்நீரில் ரெண்டு உலோகம் தொட்டா அது ஒரு பேட்டரி, இரும்புதான் கரையும். வோல்ட்டா பேட்டரி செய்ததே 1800ல்தான். அதனால காரணம் அப்போ யாருக்கும் புரியலை, 'ரெண்டும் தொடக்கூடாது' என்பது மட்டும் புரிஞ்சது.

சரின்னு, அமெரிக்கப் போர் சமயத்துல தார் பூசிய காகிதத்தை நடுவுல வச்சு நூற்றுக்கணக்கான கப்பல்களுக்குச் செம்பு அடிச்சாங்க. கப்பல் வேகமா ஓடுச்சு. ஆனா காகிதம் எத்தனை நாள் தாங்கும்? உள்ளே கப்பலையே இழுத்துப் பிடிக்கிற பெரிய இரும்பு போல்ட்டுகள் வெளியே தெரியாம கரைஞ்சுக்கிட்டே இருந்தன. உள்ளே இருக்கிற நூற்றுக்கணக்கான மாலுமிகளின் உயிர் அதுலதான் தொங்குது. போல்ட்டையும் செம்பில் செய்யலாம்னா, வெறும் செம்பு மெத்து, ஓக் மரத்துல அடிச்சா வளைஞ்சிடும். 1780களில் செம்பையும் செம்புக் கலவையையும் கெட்டிப்படுத்தி போல்ட் செய்யக் கத்துக்கிட்ட பிறகுதான் பிரச்சனை தீர்ந்தது.

1824ல் ஹம்ஃப்ரி டேவி வேற பக்கமா வந்தார். செம்பு கரையாம இருக்க, துண்டு இரும்போ துத்தநாகமோ வச்சார். செம்பு கரையவே இல்லை. கரையாத செம்பு சிப்பியையும் கொல்லலை! கப்பலடி முழுக்க சிப்பி ஒட்ட, கடற்படை திட்டத்தைக் கைவிட்டது. இப்போ இரும்புக் கப்பல்களில் துத்தநாகக் கட்டி மாட்டுறது அவர் யோசனைதான்.

(மெட்ராஸ் கரையில ஓடின மசூலா படகுல ஆணியே கிடையாது, கயிறால தைச்சதுதான். ஆனா அது துருவுக்குப் பயந்து இல்லை, அலை மோதும்போது வளைஞ்சு கொடுக்க.)

கடைக்குப் போறவங்களுக்கு: பளபளன்னு இருக்கிற பித்தளை ஸ்க்ரூவை கடல்தண்ணிக்கு அடியில போடாதீங்க. துத்தநாகம் மட்டும் கரைஞ்சு, ஸ்பாஞ்ச் மாதிரி செம்புதான் மிஞ்சும். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் தண்ணிக்கு மேல ஓகே; ஊறின மரத்துக்குள்ள காத்து படாம இருந்தா அதுவும் அரிக்கும். அடியில போட சிலிக்கான் வெண்கலம் கேளுங்க, விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி.