தலைக்காசு

வணிகர் ஒருவரிடம் வாடிக்கையாளரை அழைத்து வந்து சேர்த்தவர், அதற்கென ஒரு பங்கு கேட்பது பழைய வழக்கம். மாட்டுச் சந்தையிலும் நில விற்பனையிலும் அதனைத் தரகு என்பர். தரகன் இன்னான் என்பதை வாங்குவோனும் விற்போனும் அறிந்திருப்பதால் அதிற் குற்றம் காண்பார் அரியர். மலாயாவின் இரப்பர்த் தோட்ட வரலாற்றிலும் இத்தகைய தரகு ஒன்று உண்டு. அதனைப் பெற்றவர் கங்காணி. அவர் கொண்டு வந்து சேர்த்தது பண்டமன்று, தம் சொந்த ஊராரை.

தேர்வுத் தாள்களில் நம் மாணவர் பலர், கங்காணி என்றால் பிரம்பேந்திய மீசைக்காரர் என்று எழுதி முடித்து விடுகின்றனர். பிரம்பைக் காட்டிலும் அவருக்கு வந்த வருவாயின் வகைகளை ஆராய்வதே வரலாற்றுக்குப் பயன் தரும்.

தோட்டத்தில் ஏற்கனவே உழைத்துக் கொண்டிருந்த ஒருவரைத் துரை தெரிந்தெடுத்து, உரிமச் சீட்டும் வழிச்செலவும் அளித்துத் தமிழகத்துக்கு அனுப்புவார். அவர் தம் ஊருக்குச் சென்று உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டுவார். கிராம முன்சீப்பின் ஒப்பம் பெற்று, நாகப்பட்டினம் அல்லது சென்னை முகாமின் வழியாகக் கப்பலேற்றுவார். அழைத்து வந்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனத் தோட்டம் அவருக்குத் தரகு கொடுத்தது. இது ஒரு முறை கிடைக்கும் வருவாய்.

மற்றொன்று நாள்தோறும் கிடைப்பது. அதுவே தலைக்காசு. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, தம் கூட்டத்தில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினரோ, அத்தனை தலைக்கும் சில காசு கங்காணியின் கணக்கில் ஏறியது. காய்ச்சலில் ஒருவர் லயத்தில் படுத்து விட்டால் அவர் கூலியை இழந்தார்; கங்காணியும் அவருக்குரிய காசை இழந்தார். நோயாளியையும் வேலைக்கு எழுப்பும் கண்டிப்பு எங்கிருந்து பிறந்தது என்பதை இக்கணக்கே காட்டும். தம் கூட்டத்தார் வேறு தோட்டம் செல்லாதபடி கடன் கொடுத்தும் கடை வைத்தும் பிணித்து வைத்த கங்காணிகள் இருந்தனர் என்றால், அதற்கும் இதுவே காரணம். அறிமுகத்துக்குரிய கூலி ஒரு நாளில் முடிந்திருந்தால் இத்தனை பிடிமானம் வேண்டியிருந்திராது என்பது என் கருத்து.

ஊரில் கங்காணி வெள்ளை வேட்டியுடன் திண்ணையில் அமர்ந்து மலாயாவின் வளத்தைச் சொன்னபோது, கேட்டவர் அதனை மாமனின் சொல்லாகவும் பங்காளியின் சொல்லாகவுமே கேட்டனர். அச்சொல்லின் பின்னே ஆள் கணக்குத் தரகு இருந்ததை எத்தனை பேர் அறிந்திருப்பர்? தரகு வாங்கியதிலும் பெரிய தவறு, அதனை உறவு மறைத்து நின்றதே.

எனினும் ஒன்றை மறுத்தலாகாது. 1910இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில் முன்பின் அறியாத முகவர்களே ஆள் சேர்த்தனர். கங்காணி முறையிலோ குடும்பங்களும் ஓரூராரும் சேர்ந்து வந்தனர். தோட்டப்புறத்தில் கோயிலும் பள்ளியும் வேரூன்ற அது துணை செய்தது.

முதலாளிமார்க்கும் இத்தரகு தலைவலி கொடுத்தது. ஒருவர் செலவிட்டு வருவித்த ஆளை அயல் தோட்டத்தார் கூடுதல் காசு காட்டி இழுத்துக் கொண்டனர். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழரை வேலைக்கு வைத்த முதலாளிகள் அனைவரும் அந்நிதிக்குப் பணம் செலுத்த, அதிலிருந்து கப்பற் கட்டணம் கொடுக்கப்பட்டது. தொழிலாளி கடனின்றிக் கரையிறங்கினார். ஆயினும் நிதி கப்பற் கடனை நீக்கியதேயன்றித் தலைக்காசை நீக்கவில்லை.

1930இல் இரப்பர் விலை வீழ்ந்தபோது ஆள் சேர்ப்பு நின்றது. பல்லாயிரவர் தாயகம் திருப்பியனுப்பப்பட்டனர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், கங்காணி வழி ஆள் சேர்ப்பைக் கைவிடுமாறு தம் 1937ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டே கூலிக் குறைப்பைப் பற்றிய பூசல் முற்றியது. 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது. அதன் பின்னர் கங்காணிக்கு ஊருக்குச் சென்று ஆள் கொணரும் வேலை இல்லாது போயிற்று. தோட்டத்தில் வேலை வாங்குபவராக மட்டுமே அவர் எஞ்சினார்.