குழந்தைக் காவல் வளர்ந்த வரலாறு



1983-ஆம் ஆண்டு, ஆசிரியப் பயிற்சி முடித்து, வடஆர்க்காட்டு மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியேற்றேன். ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் நாள்தோறும் முதற் பாடவேளையிலேயே உறங்கி விழுவான். அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவேன். ஒருநாள் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சாக்குச் சொல்லாதே" என்று அடக்கிவிட்டேன். பொங்கல் விடுமுறைக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. தந்தை வாங்கிய 300 ரூபாய் முன்பணத்திற்கு ஈடாக, அவன் இரவு நெடுநேரம் பீடி முனை மடித்து வந்திருக்கிறான். இனி முழுநாளும் அவ்வேலையே என்று ஆகிவிட்டது.

அவனைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான்தான் அதனை அறிந்திலேன். அந்த உறுத்தலே இவ்வரலாற்றைத் தேடிக் கற்க என்னைத் தூண்டியது.

நம் நாட்டில் குழந்தைகளின் உழைப்புக்கு எல்லை வகுத்த தொடக்கக்காலச் சட்டம், 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமாகும். 7 வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் அமர்த்தலாகாது. 7 முதல் 12 வயது வரை உள்ளோரிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது அது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணி நேர வேலை! அதுவே அந்நாளில் இரக்கமாகக் கருதப்பட்டது. 1891-இல் அடிப்படை வயது 9 ஆக உயர்ந்தது. குழந்தைகளின் வேலை நேரம் 7 மணியாகக் குறைந்தது.

அடுத்த படி நம் சென்னையில் எடுத்து வைக்கப்பட்டது. குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டத்தை 1920-இல் சென்னை மாகாணம் இயற்றிற்று. 1922-இல் வங்கமும், 1924-இல் பம்பாயும் பின்தொடர்ந்தன. தவறிழைத்த சிறுவனை முதிர்ந்த குற்றவாளிகளோடு அடைப்பது முறையன்று, அவனைத் திருத்துவதே கடமை என்னும் கருத்து சட்டத்தில் ஏறியது.

சட்டம் ஒருபுறமிருக்க, புகலிடமும் வேண்டுமன்றோ? தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், அம்முறையினின்று தப்பி அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அம்மையார் போராடிய நோக்கம் 1947-இல் சட்டமாகி நிறைவேறியது.

இவ்விரண்டிற்கும் இடையே 1933-இல் பிறந்ததுதான், நான் அறியாதிருந்த சட்டம். முன்பணத்திற்காக 15 வயது நிரம்பாத குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அது விதித்தது. 1976-இல் கொத்தடிமை முறையே ஒழிக்கப்பட்டது. இவ்வளவும் இருந்தும் என் மாணவன் ஏன் காக்கப்படவில்லை? அடகு வைத்தவர் பெற்ற தந்தை. வேலை வாங்கியவர் ஊரில் பெரியவர். கண்ணெதிரே கண்டும் கேளாதிருந்தவன் ஆசிரியன். குழந்தை தானே வழக்காட வல்லதன்று. அதன் குரலை யாரேனும் ஒருவர் எடுத்துச் செல்ல வேண்டும்.

பிற்கால வரலாறு இக்குறையை நிரப்ப முயன்ற வரலாறேயாகும். 1996-இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசித் தொண்டு தோன்றி, பின்னர் நாடெங்கும் பரவியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் கொடுமையையும் தடுத்தது. பெஞ்சின்மேல் நான் நிறுத்தியதும் அத்தகையதே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதையே குற்றமாக்கியது. வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் இருத்தலாகாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருத்தலாகாது என்றும் அது பணித்தது. அஞ்சாமல் பேசுவதற்கு ஏற்ற சூழலைக் குழந்தைக்கு அமைத்துத் தருவது அரசின் பொறுப்பாயிற்று.

தளர்ந்த முதியோரும் இத்தகைய காவலுக்கு உரியவரே. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டு வாழ்வுப்பொருள் பெறலாம். அவர்கள் உதவிக்கு அழைக்க 14567 என்னும் எண் உண்டு.

மாணவர்களே, 1098 என்னும் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உடன் பயிலும் ஒருவர் தம் துன்பத்தைச் சொன்னால் நகையாதீர்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ஊரறியப் பரப்பவும் வேண்டா. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிக்காமல், நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் கூறுங்கள். அவர் செவி கொடாவிடின் அடுத்தவரிடம் கூறுங்கள். எவரும் கேளாவிடில் அந்த எண்ணை அழையுங்கள். உங்களுக்கே துன்பம் நேரினும் வழி இதுவே. அதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை.

நூறாண்டு கடந்து வளர்ந்த இச்சட்டங்கள் அனைத்தும், குழந்தை வாய் திறக்கும்போது அருகில் இருப்பவர் செவி கொடுப்பாரா என்பதைச் சார்ந்தே நிற்கின்றன. என் மாணவன் மீண்டும் பள்ளிக்கு வரவேயில்லை. அன்று அவன் சொல்ல வந்ததை அவன் வாயால் கேட்கும் வாய்ப்பு எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. உங்களுக்கு அது வாய்க்கும்போது நழுவவிடாதீர்கள்.