மலைநாட்டுத் துவக்குகளின் சரித்திரம்

துவக்கு வாங்கப் போகிறவன் முதலில் கேட்கவேண்டியது குண்டு எவ்வளவு தூரம் பாயும் என்பதன்று, தன் கண் எவ்வளவு தூரம் பாயும் என்பதே என்னும் உண்மையைக் கண்டி இராச்சியத்தின் பழைய சரித்திரத்தைப்போல் தெளிவாக எடுத்துக்காட்டுவது வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. மகாவலி கங்கை வளைந்தோட, மலையும் வனமும் அரணாக நிற்க, ஒற்றையடிப் பாதைகளின் வாயில்களில் முட்கதவுகள் கட்டிக் காவல் செய்யப்பட்ட அந்த இராசதானியில், நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்பதொன்றைத் தடையின்றிப் பார்க்கத்தக்க இடங்கள் மிகச் சிலவே. ஆதலால் அந்நாட்டின் துவக்குக்கும் அந்நாட்டின் வேட்டைக்கும் காடே இலக்கணம் வகுத்தது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் வந்திறங்கியபோது அவர்களோடு வந்த திரித்துவக்கைச் சிங்களக் கொல்லர் வெகு சீக்கிரத்தில் தம்முடைய பட்டறைக்குரிய பொருளாக்கிக்கொண்டனர். பின்னர்ச் சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் பொறியும் அவர்கள் கைவசமாயிற்று. கண்டித் துவக்கு ஒன்றை அருகிலிருந்து நோக்குவோர்க்கு முதலில் வியப்பளிப்பது அதன் அடிக்கட்டையாகும்: ஐரோப்பியத் துவக்கின் பருத்த அடிபோலன்றி, அது இரு கிளையாகப் பிரிந்து, சுருள் சுருளாகச் செதுக்கப்பட்டு, இலைக்கொடிகளும் வெள்ளிப் பதிப்பும் கொண்டு, கோவில் வாகனமொன்றின் உறுப்போ என்று மயங்கும்படி விளங்கும். பொறி பல துவக்குகளில் வலப்புறத்திலன்றி இடப்புறத்தில் அமைந்திருக்கும். குழல் நீண்டது, கனமுடையது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், அரசனது பட்டறைகளைச் சார்ந்து பரம்பரையாக வாழ்ந்த கைவினைஞரைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வினைஞரின் உச்சமான படைப்புக்களுள் ஒன்று லெவ்கே திசாவை என்னும் மாகாணத் தலைவர் மன்னனுக்குக் காணிக்கையாக அளித்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி. ஒல்லாந்தர் 1765இல் கண்டியைச் சூறையாடியபோது அது அவர்கள் கைக்குப் போய், ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்து, 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பி வந்தது.

குழலைக் கொல்லன் செய்தாலும் மருந்து இல்லாமல் வெடியில்லை. வெடியுப்பு மலைநாட்டிலேயே கிடைத்தது. ஜோன் டேவி என்னும் ஆங்கில வைத்தியர், தும்பறைப் பகுதியில் மீமுரேக்கு அருகேயுள்ள ஒரு பெருங்குகையைத் தாமே சென்று பார்த்து, 1821இல் அச்சான தமது நூலில் வருணிக்கிறார். குகைச் சுவரிலிருந்து சுரண்டியெடுத்த மண்ணை மரச்சாம்பலோடு கலந்து, நீர் வார்த்து வடித்து, வடித்த நீரைக் காய்ச்சி உப்பை உறையவைப்பது முறை. குடிகள் ஆண்டுதோறும் அதனை அரசனுக்குத் திறையாகக் கொடுத்தனர். கந்தகம் மாத்திரம் இத்தீவில் இல்லை. அது கடல்வழியாக வரவேண்டும். கடற்கரையோ அந்நியர் கையில். கரையோரத்தைப் பிடித்த ஒவ்வொரு சாதியாரும் கண்டிக்கு வரும் சரக்கின்மீது கண் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு.

இத்தகைய துவக்கின் வல்லமை 1638 மார்ச் மாதத்தில் கன்னொறுவையிலே வெளிப்பட்டது. தியோகோ டி மெலோ என்னும் போர்த்துக்கேயத் தளபதி கண்டிக்குள் புகுந்து, ஆளற்றுக் கிடந்த நகரத்துக்குத் தீயிட்டுத் திரும்பும்போது, இரண்டாம் இராசசிங்கனுடைய படை மரங்களின் மறைவிலிருந்து அவனை வளைத்து அழித்தது. திறந்த வெளியில் அணிவகுத்துப் பொருத எவராலும் அப்படி வென்றிருக்க முடியாது. இன்று பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில் விவசாயத் திணைக்களத்தின் வயல்களாகக் காட்சியளிக்கும் அவ்விடத்தில் நின்று பார்ப்பவர், துவக்குக்காரனுக்குத் தூரமன்று, மறைவே துணை என்பதை எளிதில் உணரலாம்.

1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி, 1818இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், குடிகளின் துவக்குகள் பறிக்கப்பட்டன. பட்டறைகளும் நாளடைவில் அணைந்தன. விசித்திரம் என்னவென்றால், குடியானவன் கையில் துவக்கு ஒழிந்த காலமே துரைமார் கையில் துவக்கு மலிந்த காலமாகும். கண்டி மன்னர் காலத்தில் யானை அரசனுடைய உடைமை. அவனது ஆணையின்றி அதைக் கொல்வது மகா குற்றம். ஆங்கிலேயரோ யானை வாலுக்குப் பரிசு கொடுத்தனர்: 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டனவென்று இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் றோஜர்ஸ் ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். மலைநாட்டுச் சனங்கள் அதைத் தெய்வ தண்டனையென்று கருதியதில் ஆச்சரியமில்லை.

அக்காலத்து வேட்டைக்காரருள் துவக்கைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர். காட்டுக்குள் பத்துப் பதினைந்து அடி எட்டில் நின்று யானையின் நெற்றியிற் சுடுவதற்கு வரிப்பள்ளமில்லாத இரட்டைக்குழலே போதுமென்று பலர் கருதியிருக்க, அவர் பிரிஸ்டல் நகர்த் தொழிலாளி கிப்ஸ் செய்த, 21 இறாத்தல் நிறையும் நாலு அவுன்ஸ் குண்டும் கொண்ட வரிக்குழல் துவக்கை வைத்திருந்தார். அதற்கு ஒரு வேட்டுக்கு மருந்து மாத்திரம் ஓர் அவுன்ஸ். இப்பேர்ப்பட்ட பாரத்தைத் தோளில் சுமந்து பள்ளமும் மேடும் ஏறியவர்கள் கூட வந்த கூலிகள் என்பதை அவருடைய புத்தகத்தை இன்று வாசிப்பவர் மறந்துவிடலாகாது.

இனி, போல்ட் ஆக்ஷன் ரைபிள் வருகிறது. கதவுத் தாழ்ப்பாளைப்போல ஒரு கைப்பிடியை உயர்த்திப் பின்னுக்கு இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, முன்னுக்குத் தள்ளிப் புதிய தோட்டாவை ஏற்றி, கைப்பிடியைத் தாழ்த்திப் பூட்டுவது அதன் வினை. இதனையும் புகையில்லாத மருந்தையும் சேர்த்துப் பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், குறிவைப்பின் எல்லையே மாறிற்று. 1900இல் கண்டியைத் தலைமை இடமாகக் கொண்டு தோட்டத்துரைமாரின் ரைபிள் படை அமைந்தது. அதே ஆண்டில் இலங்கையிலிருந்து தென்னாபிரிக்க யுத்தத்துக்குச் சென்றவர்களுள் துரைமாரும் இருந்தனர். அங்கே போயர் விவசாயிகள் ஜெர்மன் மவுசர் ரைபிளைக்கொண்டு தூரத்திலிருந்தே ஆங்கிலேயரைத் திகைக்கவைத்தனர். அந்தப் போயர்களே ஆயிரக்கணக்கில் சிறைப்பட்டு, அவ்வாண்டிலேயே தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒரு யுத்தத்தின் இரு கட்சிக்காரர்களும் இந்த மலைத்தொடரில் சந்தித்தது சரித்திரத்தின் விளையாட்டு. 1914இல் அதே தோட்டத்துரைமார் படை எகிப்துக்குப் போய், கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்க்காவலாகவும் சேவித்தது.

போயரின் மவுசரும் ஆங்கிலப் படையின் லீ என்பீல்டும் தத்தம் குணத்தால் வேறுபட்டவை. மவுசரின் பூட்டுப்பற்கள் போல்டின் முன்முனையில் தோட்டாவுக்கு அண்மையில் இருப்பதால் பூட்டு இறுக்கமாக நின்று, நேர்த்தியான குறிச்சூட்டுக்கு அனுகூலமாகும். லீயின் பற்கள் பின்புறம் இருப்பதால் வினை வேகமாகும், பெட்டியில் பத்துத் தோட்டா அடங்கும். தொலைதூரத்தில் சுடுவோர்க்கு மலைநாடு வேறு பாடங்களும் கற்பிக்கும். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் குண்டு தாழ்நாட்டிலும்பார்க்கக் குறைவாகவே தாழும். சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுடுகிறவன் தரைமட்டத்துக்குரிய குறியை வைத்தால், குண்டு இலக்குக்கு மேலே போய்விடும். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு காற்றின் திசை வேறு. இவற்றையெல்லாம் கற்கத்தக்க இடம் நெருங்கிய காடன்று, குறிப்பலகை நாட்டிய திடலே. மலைநாட்டில் வேட்டைக்கென்று வாங்கப்பட்ட தூரச்சூட்டு ரைபிளும் தன் தகுதியை நிரூபித்தது பெரும்பாலும் இத்திடலில்தான் என்பது என் துணிபு. காட்டிலே மானும் பன்றியும் இருபது கெஜத்தில் தோன்றி மறையும்போது, இரண்டாயிரம் கெஜத்துக்குக் கீறப்பட்ட குறிகாட்டியால் யாருக்கு என்ன பயன்?

வேட்டைக்காரரிற் சிலர் தம் கைகளையே கண்டு அஞ்சத் தொடங்கியதும் நிகழ்ந்தது. 1894இல் அவர்களே வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினர். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் அனுமதிப்பத்திரத்தை நெருக்கியது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் காட்டை நெருக்கியது. தோட்டத்துரைமார் படையும் 1949இல் கலைக்கப்பட்டது. ஆனால் ஊர்ப்பட்டறையின் இடியன் துவக்கும், மிருகம் இடறினால் வெடிக்கும் கட்டுத்துவக்கும் சட்டத்துக்குத் தப்பி இன்றும் உயிர் வாங்குகின்றன. அவற்றுக்குப் பலியாவது பன்றி மட்டுமன்று, தோட்டப் பாதையில் நடக்கும் ஏழையுந்தான். கண்டி மன்னரின் அரண்மனைக்கு மேலே ஓங்கி நிற்கும் உடவத்தைக் காடோ, 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனம் செய்யப்பட்டதனால், இன்று எந்தத் துவக்குக்கும் இடமில்லாத காடாகவே இருக்கின்றது.